பெர்ல் 6 எப்படி ராக்கு ஆனது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பதால், புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வரும்: பெர்ல் 6 எங்கே போனது, ராக்கு எங்கிருந்து வந்தது, நடுவில் என்ன தகராறு? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. 'ராகு' என்று எழுதினால் ராகு காலம் பார்க்கிறவர்கள் மிரண்டுவிடுவார்கள். ஜப்பானிய உச்சரிப்புக்கும் 'ராக்கு'தான் கிட்டே வருகிறது.

ராக்குன்னா என்ன? புதுசா வந்த மொழியா?

பெயர்தான் புதுசு. 2019 அக்டோபர் வரை பெர்ல் 6 என்று அழைக்கப்பட்ட நிரல்மொழிதான் இப்போது ராக்கு. அன்றைக்கு இலக்கணமோ கம்பைலரோ (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) அதை எழுதிக்கொண்டிருந்த ஆட்களோ மாறவில்லை.

பெர்லை 1987-ல் வெளியிட்டவர் லாரி வால். இன்று உலகமெங்கும் சர்வர்களில் ஓடிக்கொண்டிருப்பது 1994-ல் வந்த பெர்ல் 5-ன் வழிவந்த பதிப்புகள். பெர்ல் 6-ஐ வடிவமைத்தவரும் அதே லாரி வால்தான். இந்தப் பக்கத்தில் 'பெர்ல்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெர்ல் 5 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பேர்லயே 6-னு இருக்கு. அப்போ 5-க்கு அடுத்த வெர்ஷன்தானே? ஏன் தனி மொழிங்கிறீங்க?

அடுத்த வெர்ஷனாக இருக்கவேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். பழைய பெர்ல் 5 நிரல்களை ஓட்டவும் ஒரு வழி இருக்கும் என்ற எண்ணம் இருந்தது. ஆனால் வடிவமைப்பு வளர வளர மொழி வேறு ஒன்றாகிவிட்டது. சின்ன உதாரணங்கள்: பெர்லில் ஒரு ஆப்ஜெக்டின் மெத்தடைக் (அதற்குரிய செயலைக்) கூப்பிட அம்புக்குறி போடுவோம், ராக்குவில் புள்ளி. பெர்லில் இரண்டு ஸ்ட்ரிங்குகளை (எழுத்துத்தொடர்களை) ஒட்டப் புள்ளி, ராக்குவில் '~' குறி. பெர்லில் '@' போட்டு அறிவித்த அரே என்ற மதிப்புப் பட்டியலிலிருந்து ஒரு உறுப்பை எடுக்கும்போது குறி '$' ஆக மாறும். ராக்குவில் '@' மாறாது. உரையில் வடிவங்களைத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனின் எழுத்துமுறையையே புதிதாக வகுத்துவிட்டார்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-க்குச் சமமா என்று கேட்டால் பெர்ல் 'இல்லை' என்னும், ராக்கு 'ஆமாம்' என்னும், ஏனென்றால் ராக்கு அந்த எண்களைப் பின்னங்களாக வைத்துக்கொள்கிறது.

ஆக, சாதாரணமான ஒரு பெர்ல் ஸ்கிரிப்டை எடுத்து ராக்குவில் ஓட்டினால் பெரும்பாலும் முதல் சில வரிகளிலேயே பிழைச் செய்தி வந்துவிடும்.

2000-ல ஆரம்பிச்சதுன்னு படிச்சேன். 2015-லதான் ரிலீஸ். பதினஞ்சு வருஷம் என்ன பண்ணாங்க?

2000 ஜூலையில் கலிபோர்னியாவின் மாண்டெரேயில் பெர்ல் மாநாடு நடந்தது. அங்கே ஒரு கூட்டத்தில் ஜான் ஆர்வன்ட் என்பவர், பெர்ல் சமூகம் தேங்கிக் கிடக்கிறது என்ற கோபத்தில் காபிக் கோப்பைகளைச் சுவரில் வீசினார். கதையல்ல, உண்மையாகவே வீசினார். அதை அடுத்து, மொழியை முதலிலிருந்து எழுதுவோம், இந்தத் தடவை சமூகமே வடிவமைக்கட்டும் என்று லாரி வால் அறிவித்தார். என்னென்ன வேண்டும் என்று கேட்டதற்கு 361 முன்மொழிவுகள் வந்து குவிந்தன. அவற்றைப் படித்து, எதை எடுப்பது எதை விடுவது என்று அவர் நீண்ட கட்டுரைகளாக எழுதிக்கொண்டே போனார். அதிலேயே சில வருடங்கள் ஓடின.

பிறகு செயல்படுத்தும் வேலை. நிரலை ஓட்டும் தளமாக, பேரட் என்ற மெய்நிகர் இயந்திரம் ஒரு பக்கம் நடந்தது. 2005-ல் ஆட்ரி டாங் ஹாஸ்கல் மொழியில் பக்ஸ் என்ற பெர்ல் 6 செயலாக்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் தைவானின் டிஜிட்டல் அமைச்சரானாரே, அதே ஆட்ரி டாங். அப்புறம் ரக்குடோ கம்பைலர் வந்தது. பேரட்டைக் கைவிட்டு மோர்விஎம் என்ற புதிய இயந்திரத்துக்கு நகர்ந்தார்கள். எப்போது வரும் என்று கேட்டால் 'கிறிஸ்துமஸுக்கு வரும், எந்த வருடம் என்று சொல்லமாட்டோம்' என்பது அவர்களே சொல்லிக்கொண்ட ஜோக். கடைசியில் 2015 டிசம்பர் 25 அன்று 6.சி என்ற முதல் அதிகாரபூர்வப் பதிப்பு வந்தே விட்டது. சி என்பது கிறிஸ்துமஸின் முதல் எழுத்து.

சரி, அவங்க மொழி, அவங்க பேரு. அதுல யாருக்கு என்ன பிரச்சினை?

பிரச்சினை இரண்டு வீட்டுக்கும் இருந்தது.

முதலில் பெர்ல் 5 பக்கம். ஒருவர் 5.24 பயன்படுத்துகிறார். மேலாளர் கேட்கிறார்: 6 வந்துவிட்டதாமே, நாம் ஏன் பழைய வெர்ஷனிலேயே இருக்கிறோம்? என்ன பதில் சொல்வது? 5 தொடர்ந்து மெருகேறிக்கொண்டுதான் இருந்தது. 2010 முதல் வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. ஆனால் 6 என்ற எண்ணை வேறொருவர் எடுத்துக்கொண்டதால் அந்த முன்னேற்றத்தை எண்ணில் காட்ட வழியில்லை. 5.10, 5.12, 5.14 என்று தசமப் புள்ளிக்குப் பின்னாலேயே வளரவேண்டியதாயிற்று. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு 1994-லிருந்து அதே 5-தான். இடையில் 2002-ல் வந்த 5.8-க்கும் 2007-ன் கடைசியில் வந்த 5.10-க்கும் நடுவே நீண்ட இடைவெளி வேறு. அந்த நேரத்தில்தான் புதிய திட்டங்கள் பலவும் பைத்தான், ரூபி, பிஎச்பி என்று நகர்ந்தன.

இப்போது பெர்ல் 6 பக்கம். பெர்ல் என்றதும் 'எழுதினவனுக்கே புரியாத மொழி', 'போன தலைமுறை மொழி' என்ற கெட்ட பெயர் அவர்கள் தலையிலும் விழுந்தது. அந்தக் குறைகளைக் களையத்தான் அவர்கள் அத்தனை வருடம் உழைத்தார்கள். பெயரைக் கேட்டதுமே கதவு மூடிக்கொண்டது. 2015-லேயே மொழி வெளிவந்துவிட்டது என்பதே பலருக்குத் தெரியாது. வராத மென்பொருள் என்ற கிண்டல் வந்தபிறகும் தொடர்ந்தது. புதிதாகக் கற்கிறவர் தேடினால் பெர்ல் 5 பாடம் கிடைக்கும், அதைப் பெர்ல் 6-ல் தட்டிப் பார்ப்பார், பிழை வரும், போய்விடுவார்.

ஆனா 'சகோதர மொழிகள்'னு சொல்லிட்டு இருந்தாங்களே, அது போதலையா?

போதவில்லை. இரண்டும் ஒரே குடும்பத்துச் சகோதரிகள், ஒன்றை ஒன்று விழுங்க வரவில்லை என்று இரு பக்கத்தாரும் பல வருடம் சொல்லிப்பார்த்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் 5, 6 என்று எண் போட்டுவிட்டு, இது வரிசை எண் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. விளக்கம் கேட்க நிற்பவர்கள் கொஞ்சம் பேர். எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால், தகராறுக்குக் காரணம் 'பெர்ல்' என்ற சொல்லைவிட அந்த 6 தான்.

பேரை மாத்தணும்னு யார் முதல்ல சொன்னது? யார் முடிவு பண்ணது?

பேச்சு பல வருடமாகவே உண்டு. உருப்படியான முதல் அடி 2018 நவம்பரில். அப்போது மொழியின் அடுத்த பதிப்பான 6.டி வந்தது. அதன் செல்லப்பெயர் தீபாவளி. ஆம், நம் தீபாவளிதான், முந்தைய பதிப்புக்குக் கிறிஸ்துமஸ் என்றால் இதற்குத் தீபாவளி. அந்தச் சமயத்தில் 'ராக்கு' என்பதை மாற்றுப்பெயராக வைத்துக்கொள்ளலாம் என்று லாரி வால் ஒப்புக்கொண்டார். அதாவது பெர்ல் 6 என்றும் சொல்லலாம், ராக்கு என்றும் சொல்லலாம். இது யாருக்கும் திருப்தி தரவில்லை. இரண்டு பெயர் இருந்தால் எல்லோரும் பழையதையே சொல்வார்கள்.

2019 ஆகஸ்டில் எலிசபெத் மாட்டெய்சன், பெர்ல் 6 சமூகத்தில் எல்லோரும் அறிந்த பங்களிப்பாளர், பெயரிலுள்ள 'பெர்ல்' குழப்பமும் எரிச்சலும் தருகிறது என்று வெளிப்படையாகவே பிரச்சினையைப் பதிவு செய்தார். விவாதம் நீண்டது. பிறகு எந்தெந்த இடத்தில் எப்படி மாற்றுவது என்று ஒரு திட்ட ஆவணம் தயாராகி, முக்கியப் பங்களிப்பாளர்களின் ஒப்புதலுக்கு வைக்கப்பட்டது. ஆனால் எல்லோரும் காத்திருந்தது ஒருவரின் பதிலுக்கு.

2019 அக்டோபர் 11 அன்று லாரி வால் ஒப்புதல் தந்தார். காரணமாக அவர் எடுத்துச் சொன்னது மத்தேயு சுவிசேஷத்து வசனம்: கோடித்துண்டைப் பழைய துணியோடு வைத்துத் தைப்பதில்லை, புது திராட்சரசத்தைப் பழைய துருத்தியில் (தோற்பையில்) வார்ப்பதில்லை, வார்த்தால் துருத்தி கிழியும், ரசமும் சிந்திப்போகும், புதியதைப் புதிய துருத்தியில் வார்த்தால் இரண்டும் பத்திரமாக இருக்கும். கடைசிப் பகுதிதான் முக்கியம். புதியது மட்டும் பிழைக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை, இரண்டும் பிழைக்கவேண்டும் என்றார்.

ஏன் ராக்கு? வேற நல்ல பேரே கிடைக்கலையா?

கம்பைலரின் பெயர் ரக்குடோ என்று ஏற்கெனவே இருந்தது. ஜப்பானிய மொழியில் ரக்குடா என்றால் ஒட்டகம். 'ஒட்டகத்தின் வழி' என்ற பொருளில் வைத்த பெயர் அது. பெர்லுக்கு ஒட்டகம் அடையாளமானது ஓரெய்லி நிறுவனத்தின் பிரபலமான பெர்ல் புத்தகத்தின் அட்டைப்படத்தால். ரக்குடோவைச் சுருக்கினால் ராக்கு. புதுப் பெயர் பழைய குடும்பத்தை முழுசாக அறுத்துக்கொள்ளவும் இல்லை, எண்ணும் போயிற்று. அந்த வகையில் கெட்டிக்காரத்தனமான தேர்வுதான்.

விவாதத்தில் அடிபட்ட இன்னொரு பெயர் கமேலியா. மொழியின் சின்னமாக இருக்கும் வண்ணத்துப்பூச்சியின் பெயர் அது, அதிலும் ஒட்டகம் ('கேமல்') ஒளிந்திருக்கிறது. 2018-லேயே ராக்குவுக்கு லாரியின் சம்மதம் இருந்ததால் பேச்சு அந்தப் பக்கமே போய் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூச்சியின் இறக்கைச் சுருள்களை உற்றுப்பார்த்தால் ஆங்கில 'பி'யும் '6'ம் தெரியும். பெயர் மாறியபின்பும் சின்னம் அப்படியே இருக்கிறது.

ஆட்கள் எப்படி எடுத்துக்கிட்டாங்க? பெரிய சண்டையாமே?

சண்டை என்பதைவிட வருத்தம் என்பது பொருந்தும். ஒரே பதில் இல்லை, யார் எங்கே நின்றார்களோ அதைப் பொறுத்து.

பெர்ல் 5 மட்டும் எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு நிம்மதி. கூடவே 'இதைப் பத்து வருடம் முன்னாலேயே செய்திருக்கலாமே' என்ற முணுமுணுப்பு. தங்கள் மொழியின் எதிர்காலத்தை ஒரு எண் அடைத்துக்கொண்டு நின்றது என்ற கோபம் அவர்களில் பலருக்கு உண்டு. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு, மிகையும் உண்டு. பெர்ல் பின்தங்கியதற்கு 6 மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் கைகழுவ வசதியாக இருக்கும். பிஎச்பி இணையத்தைப் பிடித்ததற்கும் பைத்தான் கல்லூரிகளைப் பிடித்ததற்கும் வேறு காரணங்கள் இருந்தன.

பெர்ல் 6 பக்கம்தான் சிக்கல். ஒரு சாரார் மாற்றத்தை வரவேற்றார்கள்: இனியாவது மொழியை அதன் தகுதிக்காகப் பார்ப்பார்கள் என்று. இன்னொரு சாரார் கேட்டது இது: நாங்கள் பெர்ல் சமூகத்தின் பிள்ளைகள், அந்தச் சமூகம் கேட்டுத்தான் இந்த மொழியே உருவாயிற்று, இப்போது எங்களையே பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்வது எப்படி? 2000-ல் லாரி சொன்னது 'சமூகமே திரும்ப எழுதும் பெர்ல்' என்றுதானே? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லை. பெயரோடு ஒட்டியிருந்தது வெறும் விளம்பரமல்ல, அவர்கள் சேர்ந்து உழைத்த வருடங்கள்.

நடைமுறைக் கவலைகளும் இருந்தன. பெர்ல் என்றால் கெட்ட பெயராவது இருக்கிறது, ராக்கு என்றால் யாருக்குமே தெரியாது என்றார்கள் சிலர். அலுவலகத்தில் 'பெர்லின் அடுத்த பதிப்பு' என்று சொல்லி மெல்ல நுழைத்துவிடலாம், 'ராக்கு என்று ஒரு மொழி' என்று சொன்னால் யார் அனுமதிப்பார்கள் என்ற கணக்கு சிலருக்கு. அந்தக் கணக்கு தப்பு என்பது என் எண்ணம். அப்படி நுழைத்த இடங்களில்தான் பின்னால் ஏமாற்றம் வரும்.

இரண்டு மொழிக்கும் உழைத்தவர்கள் அதிகம் பேசவில்லை, வேலையைப் பார்த்தார்கள். களைத்துப்போய் விலகியவர்களும் உண்டு. முடிவு வந்தபிறகு பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று யாரும் மொழியை இரண்டாக உடைத்துக்கொண்டு போகவில்லை. இது சின்ன விஷயமல்ல.

அப்போ பெர்ல் 5-க்கு வழி விட்டாச்சு. 7 வந்துடுச்சா?

வரவில்லை. 2020 ஜூனில், கொரோனாவால் இணையவழி நடந்த பெர்ல் மாநாட்டில், அப்போது பெர்லின் வெளியீடுகளைக் கவனித்துவந்த சாயர் எக்ஸ், பெர்ல் 7 வரப்போகிறது என்று அறிவித்தார். 5.32-ல் உள்ள அதே மொழிதான், ஆனால் கண்டிப்பான விதிகள் முன்னிருப்பாகவே (தனியாகக் கேட்காமலே) இயங்கும் என்பது திட்டம். பெர்லில் எண்ணை உயர்த்த முடியும் என்ற நம்பிக்கை வந்ததே பெயர்மாற்றத்தால்தான்.

ஆனால் பெர்லின் பெரிய சொத்து, இருபது வருடத்துப் பழைய ஸ்கிரிப்டும் இன்றைக்கு ஓடும் என்பது. முன்னிருப்பை மாற்றினால் அது உடையும். எதை உடைக்கலாம், யார் முடிவு செய்வது என்று வாக்குவாதம் வலுத்தது. வழிநடத்தும் குழு ஒன்று அமைக்கப்பட்டது, சாயர் எக்ஸும் பின்னர் விலகினார். திட்டம் தள்ளிவைக்கப்பட்டு, 5.36, 5.38, 5.40 என்று பழைய வரிசையே தொடர்கிறது. எண்ணை அடைத்துக்கொண்டிருந்தவர் நகர்ந்த பிறகும் எண் உயரவில்லை. மேலே 'மிகை' என்று சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு சான்று.

பைத்தான் 2-ல இருந்து 3-க்குப் போனப்பவும் பழைய நிரல் ஓடலையே. அவங்க பேரை மாத்தலையே?

நல்ல கேள்வி. வித்தியாசம், பழையதை என்ன செய்தார்கள் என்பதில்தான். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கு ஆதரவு நிற்கும் தேதியைக் குறித்து, அதை ஒரு தடவை தள்ளியும் வைத்து, 2020 ஜனவரி 1-ல் முடித்தே விட்டார்கள். மாறவேண்டிய கட்டாயம் இருந்தது. மொழியும் அவ்வளவு தூரம் விலகவில்லை, நாட்கணக்கில் உட்கார்ந்தால் மாற்றிவிடலாம்.

பெர்லில் 5-ஐ நிறுத்தப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. பழையதும் வாழும், புதியதும் வாழும், இரண்டும் வெவ்வேறு ஆட்களால் வளர்க்கப்படும் என்றானபின் ஒரே பெயரில் இரண்டு எண் என்பது நிற்காது. இரண்டாம் கேள்வியில் சொன்ன இலக்கண விலகலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பேரை மாத்துறதுன்னா வெப்சைட்ல எழுத்தை மாத்தினா போதாதா?

போதாது. கட்டளையின் பெயர் 'பெர்ல்6' என்பதிலிருந்து 'ராக்கு' ஆனது. கோப்பு நீட்டிப்புகள் மாறின: ஸ்கிரிப்டுக்கு ஒன்று, மாட்யூலுக்கு (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புக்கு) ஒன்று, டெஸ்ட்டுக்கு ஒன்று, ஆவணத்துக்கு ஒன்று என எல்லாம் 'ராக்கு' என்று தொடங்கும் நீட்டிப்புகளாயின. நூலகப் பாதையைச் சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிள், அரட்டை அறை, ஆவணத் தளம், வாரச் செய்திமடல், மாநாட்டின் பெயர், கடைசியில் அறக்கட்டளையின் பெயர்கூட. அது இப்போது பெர்ல் மற்றும் ராக்கு அறக்கட்டளை.

இதில் எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று. ஒரு மதிப்பை நிரல் வடிவிலேயே அச்சிட்டுக் காட்டும் மெத்தடுக்குப் 'பெர்ல்' என்றே பெயர். மொழிக்குள்ளேயே மொழியின் பெயர்! அதை 'ராக்கு' என்று மாற்றினால் ஏற்கெனவே எழுதப்பட்ட மாட்யூல்கள் உடையும். அதனால் புதிய பெயரைச் சேர்த்துவிட்டு, பழையதும் வேலை செய்யும்படி விட்டார்கள். பழைய நீட்டிப்புகளுக்கும் இதே சலுகை. ஒரே இரவில் எதையும் வெட்டாமல் இருந்ததால்தான் மாட்யூல் எழுதியவர்கள் தாங்கினார்கள்.

பேர் மாறியும் ஏன் இன்னும் 6.டி-னே போடறாங்க? ராக்கு 1, 2 எல்லாம் எங்கே?

கிடையாது. பெயரை மாற்றினார்கள், மொழிப் பதிப்பின் எண்ணை மாற்றவில்லை. நிரலின் தலையில் எந்தப் பதிப்பு என்று குறிப்பிடும் வரி ஏற்கெனவே ஏராளமான கோப்புகளில் இருந்தது. அதை மறுபடி 1-லிருந்து தொடங்கினால் புதுக் குழப்பம். அடுத்து வரவிருக்கும் பதிப்பும் 6.இ தான்.

பெர்ல் 6 புத்தகம் வாங்கி வச்சிருக்கேன். தூக்கிப் போடணுமா?

வேண்டாம். 2017, 2018 வாக்கில் வந்த பெர்ல் 6 புத்தகங்களில் உள்ள மொழி பெருமளவு இன்றைய ராக்குதான். கட்டளையின் பெயர், கோப்பு நீட்டிப்பு, முந்தைய கேள்விக்கு முன்னதில் சொன்ன அந்த மெத்தட், இவற்றை மாற்றிப் படித்துக்கொண்டால் போதும். சில புத்தகங்கள் ராக்கு என்ற பெயரில் திருத்தப் பதிப்பாகவும் வந்துவிட்டன. 2015-க்கு முன்னால் எழுதப்பட்ட எதையும் மட்டும் நம்பாதீர்கள்; அப்போது மொழி இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

எங்க ஆபீஸ்ல பெர்ல் ஸ்கிரிப்ட் நிறைய இருக்கு. ராக்குவுக்கு மாத்தணுமா அண்ணா?

ஒன்றும் செய்யவேண்டாம். அவை பெர்ல் 5, பெர்ல் 5-ஆகவே இருக்கும், அதற்கான புதுப்பதிப்புகள் தொடர்ந்து வருகின்றன. யாராவது 'ராக்குவுக்கு மேம்படுத்துகிறோம்' என்று மதிப்பீடு கொடுத்தால், அது மேம்படுத்தல் அல்ல, வேறு மொழியில் திரும்ப எழுதுவது என்று சொல்லிவிடுங்கள்.

புதிதாக ராக்குவில் எதையாவது எழுதும்போது பழைய பெர்ல் மாட்யூல் ஒன்று தேவைப்பட்டால், பெர்ல் 5-ஐ உள்ளே வைத்து ஓட்டும் இன்லைன் பெர்ல்5 என்ற மாட்யூல் இருக்கிறது.

வேற மொழிங்க பேர் மாத்தினது உண்டா? எல்லாத்துலயும் இவ்வளவு ரகளையா?

உண்டு. பெர்லே அப்படித்தான். லாரி முதலில் முத்து என்ற பொருளில் 'பேர்ல்' என்று வைக்க நினைத்தார். அந்தப் பெயரில் வேறு மொழி இருப்பது தெரிந்து ஓர் எழுத்தைக் குறைத்தார். ஓக் என்றிருந்தது 1995-ல் ஜாவா ஆனது. அதே வருடம் லைவ்ஸ்கிரிப்ட், ஜாவாவின் புகழில் குளிர்காய ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. அந்தக் குழப்பத்துக்கு இன்றுவரை நேர்காணல்களில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இவற்றில் ரகளை இல்லாததற்குக் காரணம் எளிது: அப்போது பயனர்கள் கிட்டத்தட்ட இல்லை.

பயனர்கள் வந்தபின் மாற்றியவற்றில் 2010-ல் பிஎல்டி ஸ்கீம், ராக்கெட் ஆனது சுமுகமாக நடந்த ஒன்று. ஸ்கீமிலிருந்து தாங்கள் விலகி நெடுந்தூரம் வந்துவிட்டோம் என்று மொழியை வளர்த்தவர்களே சொன்னார்கள், ஒரே குழு, ஒரே திசை. நிம்ராட் 2014-ல் நிம் என்று சுருங்கியபோதும் பெரிய எதிர்ப்பில்லை. நேர்மாறானது 2020-ல் நடந்த ரீஸ்கிரிப்ட். ரீசன் மொழிக்காரர்கள் பயன்படுத்திவந்த பக்கிள்ஸ்கிரிப்ட் கம்பைலர் புதிய எழுத்துமுறையோடு புதுப் பெயர் எடுக்க, ரீசன் தனியாகத் தொடர்ந்தது. நேற்றுவரை ஒரே கூட்டமாக இருந்தவர்கள், தாங்கள் இனி எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார்கள். ராக்குவில் அந்தப் பிளவு முன்னாலேயே நடந்து முடிந்திருந்தது, பெயர் தாமதமாக வந்து சேர்ந்தது. வலி குறைவாக இருந்ததற்கு அது ஒரு காரணம்.

முன்னாடியே மாத்தியிருந்தா ராக்கு பெரிய மொழியா வந்திருக்குமா?

பெரிய மொழியாக வந்திருக்குமா என்று ஊகிக்க விரும்பவில்லை. ஆனால் மாற்றச் சரியான நேரம் எது என்று கேட்டால் சொல்வேன்: 2015 கிறிஸ்துமஸ். முதல் அதிகாரபூர்வ வெளியீடு, உலகம் ஒரு கணம் திரும்பிப் பார்த்த நேரம். அன்றே புதிய பெயரில் வந்திருந்தால் அடுத்த மூன்று வருடத்தில் அச்சான புத்தகங்கள், மாநாட்டு உரைகள், மாட்யூல்கள் எல்லாம் அந்தப் பெயரைச் சுமந்திருக்கும். பெர்ல் 6 என்ற பெயரில் ஒரு தடவை, ராக்கு என்ற பெயரில் ஒரு தடவை என்று ஒரே மொழியை இரண்டு தடவை அறிமுகப்படுத்த வேண்டிவந்தது. இரண்டாம் தடவை கவனிக்க ஆட்கள் குறைவு.

பதினைந்து வருடம் 'பெர்ல் 6 வரும் வரும்' என்று சொல்லிவிட்டு, வருகிற அன்று 'இது பெர்ல் 6 இல்லை' என்று சொல்லும் மனது யாருக்கும் இருந்திருக்காது என்பதும் புரிகிறது.

இவ்வளவு படிச்சாச்சு. எனக்கு இதுல என்ன பிரயோஜனம்? நான் தமிழ் உரைகளோடதான் வேலை பண்றேன்.

அப்படியானால் உங்களுக்குத்தான் பிரயோஜனம் அதிகம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பெர்லிடம் கேட்டால், எதையும் அமைக்காவிட்டால் 15 என்னும், அவை பைட்டுகள். யூனிகோடைப் புரிந்துகொள்ளச் சொன்னால் 5 என்னும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ராக்கு எடுத்த எடுப்பிலேயே 3 என்கிறது. த, மி, ழ். ஸ்ட்ரிங்கைப் பின்னாலிருந்து திருப்பினாலும் கொம்பும் புள்ளியும் தனியே கழன்று ஓடாது. க்ஷ போன்றவற்றை மட்டும் அது இரண்டாக எண்ணும், கவனித்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். பெரிய கோப்புகளில் வரிவரியாகத் தேடும் வேலைக்குப் பெர்லே இன்னும் வேகம்.

கடைசியா ஒண்ணு. ராக்குன்னு தேடினா மண்பாண்டமா வருதே?

வரும். ராக்கு என்பது ஜப்பானில் தேநீர்க் கிண்ணங்கள் செய்யும் புகழ்பெற்ற மண்பாண்ட முறை, பல நூற்றாண்டு மூத்தது. பெயர் விவாதத்திலேயே இந்த ஆட்சேபம் எழுந்தது. தேடும்போது கூடவே 'நிரல்மொழி' என்றோ 'ரக்குடோ' என்றோ சேருங்கள். பழைய கேள்வி பதில்களைத் தேடும்போது 'பெர்ல் 6' என்றும் ஒரு தடவை தேடிவிடுங்கள், 2019-க்கு முந்தைய நல்ல விளக்கங்கள் பல இன்னும் அந்தப் பெயரில்தான் கிடக்கின்றன. ரெஸ்யூமில் எழுதுவதானால் 'ராக்கு (முன்பு பெர்ல் 6)' என்று எழுதுங்கள். நேர்காணல் எடுப்பவர் பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான் கேட்பார்.